நிலையியலில் சூத்திரம் தெரிந்தும் கணக்கு வராதது ஏன்?

கேள்வி

வணக்கம். நான் பொறியியல் முதலாண்டு மாணவன். பள்ளியில் கணிதத்திலும் இயற்பியலிலும் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. தொகையீடும் வெக்டர் பெருக்கலும் இப்போதும் தடையின்றி வருகின்றன. ஆனால் நிலையியல், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் மீதான விசைகளைப் பற்றிய பாடம், என்னைத் திணறடிக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பாடத்தில் புதிய சூத்திரம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை: விசைகளின் கூட்டுத்தொகை சுழி, ஏதேனும் ஒரு புள்ளியைப் பொறுத்த திருப்புத்திறன்களின் (விசை × அப்புள்ளியிலிருந்து விசைக்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு) கூட்டுத்தொகை சுழி, அவ்வளவுதான். தீர்த்து வைத்த கணக்கைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் விளங்குகிறது. புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த கணக்கை எடுத்தால் பேனாவை எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை.

நேற்று மாட்டிக்கொண்ட கணக்கையே தருகிறேன். 5 மீட்டர் நீளமும் 200 நியூட்டன் எடையும் உள்ள சீரான ஏணி ஒன்று உராய்வற்ற சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருப்பதால், மேல்முனை 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது. தரைக்கும் ஏணிக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.5. சுவர் ஏணியைத் தள்ளும் விசை எவ்வளவு? தரையின் செங்குத்து விசை 200 நியூட்டன், ஆகவே உராய்வு 0.5 × 200 = 100 நியூட்டன், கிடைமட்டத்தில் சமநிலை வேண்டுமென்றால் சுவரின் விசையும் 100 நியூட்டன் என்று எழுதினேன். சரிபார்ப்பதற்காக ஏணியின் அடியைப் பொறுத்துத் திருப்புத்திறன் எடுத்தபோது சுவரின் விசை 75 நியூட்டன் என்று வந்தது. ஒரே கணக்குக்கு இரண்டு விடைகள். எந்தச் சமன்பாட்டை நம்புவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மென்பொருள் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடும், இந்தப் பாடத்தில் தேர்ச்சி மட்டும் பெற்றுக்கொண்டு முன்னே போய்விடு என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். அப்படித் தாண்டிப் போனால் பின்னால் எங்கே இடிக்கும்?

மறுமொழி 1

உங்கள் இரண்டு சமநிலைச் சமன்பாடுகளும் சரிதான். தவறு அவற்றுக்கு முன்பே, உராய்வுக்கு 100 நியூட்டன் என்று எழுதிய வரியிலேயே நிகழ்ந்துவிட்டது. உராய்வுக் குணகத்தைச் செங்குத்து விசையால் பெருக்கினால் கிடைப்பது, அந்தத் தரையால் அதிகபட்சமாக எவ்வளவு உராய்வு விசையைத் தர முடியும் என்பதுதான். இப்போது தந்துகொண்டிருப்பது எவ்வளவு என்பதன்று. தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் நீரும் அவ்வளவே என்று எழுதியதைப் போன்றது இது. ஏணி நகராமல் நிற்க 75 நியூட்டன் போதும் என்றால் தரை 75 மட்டுமே தரும். மீதி 25 கையிருப்பு. ஏணி வழுக்கும் தறுவாயில் இருக்கிறது என்று கணக்கே சொன்னால் மட்டும் அந்தப் பெருக்கலைச் சமன்பாடாக எழுதலாம். மற்ற எல்லா நேரங்களிலும் உராய்வு, மதிப்புத் தெரியாத ஒரு விசையாகவே கணக்கில் நுழைய வேண்டும்.

இந்தத் தவறு ஏன் நேர்ந்தது என்பதுதான் உங்கள் பெரிய கேள்விக்கும் விடை என்று நினைக்கிறேன். நீங்கள் படம் வரைவதற்கு முன்பே சூத்திரத்தைத் தேடியிருக்கிறீர்கள். நிலையியலில் கடினமான வேலை சமன்பாட்டைத் தீர்ப்பதன்று. எந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்வதும், அதைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றையெல்லாம் நீக்கிவிட்டு அவை ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு விசையை வைப்பதும்தான். பாடநூல் இதைத் தனித்த பொருளின் விசைப்படம் என்கிறது, வகுப்பில் எல்லோரும் ஃப்ரீ பாடி டயகிராம் என்றே சொல்கிறோம். ஏணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரை அழித்துவிடுங்கள், தரையை அழித்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் ஏணி மட்டும் மிதக்கட்டும். அதன் மீது நான்கு அம்புகள்தான் வரும்: நடுவில் கீழ்நோக்கி 200 நியூட்டன் எடை, மேல்முனையில் சுவரை விட்டு விலகும் திசையில் கிடைமட்டமாக ஒன்று, அடியில் மேல்நோக்கி ஒன்று, அடியிலேயே சுவரை நோக்கி உராய்வு. தெரியாதவை மூன்று, தளத்தில் நமக்குக் கிடைக்கும் சமநிலைச் சமன்பாடுகளும் மூன்று. ஆகவே உராய்வுக் குணகம் தேவையே இல்லாமல் கணக்கு முடிந்துவிடுகிறது. அடியைப் பொறுத்துத் திருப்புத்திறன் எடுத்தால், சுவரின் விசை × 4 = 200 × 1.5, அதாவது 75. கொடுக்கப்பட்ட 0.5, இந்த 75 தரைக்குக் கட்டுப்படியாகிறதா என்று கடைசியில் பார்ப்பதற்கு மட்டுமே.

எந்த இடத்தில் எத்தனை அம்புகள் வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: ஒரு தாங்கி எந்த அசைவைத் தடுக்கிறதோ, அந்த அசைவுக்கு உரிய விசையை மட்டுமே அதனால் தர முடியும். உருளைத் தாங்கி தளத்துக்குச் செங்குத்தான அசைவை மட்டும் தடுக்கிறது, எனவே ஒரு விசை. கீல் இரு திசை நகர்வையும் தடுக்கிறது, சுழற்சியைத் தடுப்பதில்லை, எனவே இரண்டு விசைகள். சுவருக்குள் புதைத்துக் கட்டிய முனை சுழலவும் விடுவதில்லை, எனவே இரண்டு விசைகளோடு ஒரு திருப்புத்திறனும் சேரும். அட்டவணையாக மனப்பாடம் செய்தால் தேர்வன்று குழம்பும். "இது எதைத் தடுக்கிறது" என்று கேட்டுக்கொண்டால் குழம்ப இடமில்லை.

ஏணிக் கணக்கில் பார்க்க வேண்டிய அழகு ஒன்று இருக்கிறது. தரையின் இரண்டு விசைகளையும் சேர்த்து ஒரே விசையாகப் பாருங்கள். இப்போது ஏணியின் மேல் மூன்று விசைகளே உள்ளன. இணையாக இல்லாத மூன்று விசைகள் ஒரு பொருளைச் சமநிலையில் வைத்திருந்தால் அவை ஒரே புள்ளி வழியாகச் சென்றாக வேண்டும். எடையின் கோடும் சுவர் விசையின் கோடும், அடியிலிருந்து 1.5 மீட்டர் சுவரை நோக்கியும் 4 மீட்டர் மேலேயும் உள்ள புள்ளியில் வெட்டுகின்றன. தரையின் விசையும் அடியிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கித்தான் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு 1.5 வகுத்தல் 4, அதாவது 0.375. உராய்வுக் குணகம் இதற்குக் குறையாமல் இருந்தால் ஏணி நிற்கும். ஒரு சமன்பாடும் எழுதாமல், அளவுகோலும் பென்சிலும் கொண்டே விடை வந்துவிட்டது பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். இரண்டு வாரங்களுக்கு ஒரு கணக்கையும் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு நாளும் பத்துக் கணக்குகளை எடுத்து, எண்களைப் பார்க்காமல், விசைப்படத்தை மட்டும் வரைந்து, தெரியாதவற்றையும் சமன்பாடுகளையும் எண்ணி ஓரத்தில் குறித்துவிட்டு மூடி வைத்துவிடுங்கள். சமநிலையில் உள்ள மூன்று விசைகளை அவற்றுக்கிடையிலான கோணங்களின் சைன்களோடு இணைக்கும் லாமியின் தேற்றத்தையும் சிறிது காலம் மறந்துவிடலாம்; மூன்று விசைகளைக் கண்டவுடன் சைன் விகிதத்தை எழுதும் பழக்கம், படத்தைப் பார்க்கும் கண்ணை மூடிவிடுகிறது.

மறுமொழி 2

முதல் மறுமொழியோடு உடன்படுகிறேன். நான் கட்டமைப்பு வடிவமைப்பில் பணிபுரிபவன் என்பதால், பின்னால் எங்கே இடிக்கும் என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில் ஒரு விடுதியின் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த நடைபாலங்கள் இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தார்கள். நான்காம் தளத்து நடைபாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் தளத்து நடைபாலம் தொங்கியது. முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட எஃகுக் கம்பி மேல் பாலத்தின் குறுக்கு உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பாலம் வரை செல்வதாக இருந்தது. ஒவ்வோர் உத்தரத்தின் அடியிலும் ஒரு நட்டு அதைத் தாங்கும். கட்டும்போது வசதிக்காக இதை மாற்றி, கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒரு கம்பியும், மேல் பாலத்தின் உத்தரத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு வேறொரு கம்பியும் என இரண்டாகப் பிரித்தார்கள்.

பேனாவை எடுத்து, மேல் உத்தரத்தை மட்டும் பிரித்து வரைந்து பாருங்கள். ஓர் இணைப்பில் ஒரு பாலம் தரும் சுமையை P என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவமைப்பில் கீழ்ப் பாலத்தின் சுமை கம்பி வழியாகவே கூரைக்கு ஏறிவிடுகிறது. அது மேல் உத்தரத்தைத் தொடுவதே இல்லை. எனவே மேல் நட்டின் மீது P மட்டும். மாற்றிய வடிவமைப்பில் கீழ்க் கம்பி மேல் உத்தரத்தைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. எனவே மேல் நட்டின் மீது 2P. கூரையில் இருப்பவர் பார்த்தால் இரண்டிலும் மொத்தச் சுமை 2P தான். வேறுபாடு ஏதும் தெரியாது. உத்தரத்தைத் தனியே பிரித்தவருக்கு மட்டுமே அது தெரியும். முதல் வடிவமைப்பே அந்நகரின் கட்டட விதிகள் கேட்ட வலிமையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் கொண்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. அதன் மேல் சுமையும் இரட்டிப்பானது. இதைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டிருக்கும் கணிதம் கூட்டல் மட்டுமே.

மென்பொருளைப் பற்றி: அது நீங்கள் சொன்ன தாங்கியையும் நீங்கள் சொன்ன சுமையையும் அப்படியே நம்பும். நான் பணியில் சேர்ந்த புதிதில், உறுப்புகளின் சொந்த எடையை மென்பொருள் தானாகவே சேர்த்துக்கொள்ளும்படி அமைத்திருந்ததை மறந்து, அதே எடையைத் தனிச் சுமையாகவும் உள்ளிட்டுவிட்டேன். வண்ணப் படங்களோடு நேர்த்தியாக அச்சிட்டுக் கொண்டுபோன அறிக்கையை மூத்த பொறியாளர் திறந்து, தாங்கிகளின் எதிர்விசைகளை மட்டும் கூட்டி, கட்டடத்தின் எடையோடு ஒப்பிட்டு, அரை நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார். அவர் செய்தது நீங்கள் இப்போது படிக்கும் பாடத்தின் முதல் சமன்பாடு.

அடுத்த பருவத்துப் பொருள்களின் வலிமையியலில் காத்திருக்கும் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 6 மீட்டர் நீள உத்தரம், இரு முனைகளிலும் எளிய தாங்கிகள், முழு நீளத்துக்கும் மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பரவிய சுமை. மொத்தம் 12 கிலோநியூட்டனை நடுவில் ஒரே விசையாக வைத்துக்கொள்ளலாம் என்று நிலையியல் சொல்லும். எதிர்விசைகள் 6, 6 என்று சரியாகவே வரும். ஆனால் அதே ஒற்றை விசையை வைத்துக்கொண்டு உத்தரத்தின் நடுவில் வளைப்புத் திருப்புத்திறனை (அந்த இடத்தில் உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறனை) கண்டால் 18 கிலோநியூட்டன் மீட்டர் வரும். உண்மை மதிப்பு 9. ஏன் என்றால், பரவிய சுமையை ஒற்றை விசையாகச் சுருக்குவது, பிரித்தெடுத்த முழுப் பொருளுக்கு மட்டுமே பொருந்தும். உத்தரத்தை நடுவில் வெட்டியவுடன் உங்கள் பொருள் மாறிவிடுகிறது. இடப்பாதியின் மீது இருக்கும் சுமை 6 கிலோநியூட்டன், அது அந்தப் பாதியின் நடுவில் செயல்படுகிறது. முதலில் வெட்ட வேண்டும், பிறகுதான் சுருக்க வேண்டும். இந்த வரிசையை நிலையியலிலேயே பழகாதவர்கள் பிற்பாடு வளைப்பு வரைபடங்களை வடிவங்களாக மனப்பாடம் செய்கிறார்கள்.

மறுமொழி 3

நான் இந்தப் பாடத்தைக் கற்பிப்பவன். மேலே சொல்லப்பட்டவை சரி. இரண்டு இடங்களில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு.

இரண்டு வாரங்கள் எண்களைத் தொடாமல் படம் மட்டும் வரையச் சொல்வது நல்ல நோக்கம்தான், ஆனால் தவறான படம் தவறென்று மாணவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஏணிக் கணக்கில் பிழையைக் காட்டிக்கொடுத்தது படமன்று. 100 என்றும் 75 என்றும் மோதிக்கொண்ட எண்கள்தாம். ஆகவே குறைவாகச் செய்யுங்கள், ஆனால் முழுமையாகச் செய்யுங்கள். ஒரு கணக்கை அடியைப் பொறுத்து ஒருமுறை, மேல்முனையைப் பொறுத்து ஒருமுறை, விசைக்கோடுகள் வெட்டும் புள்ளியைப் பொறுத்து ஒருமுறை தீர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகும்போது வரும் உறுதி, இருபது கணக்குகளை ஒரே வழியில் தீர்ப்பதால் வராது. எந்தப் புள்ளியைத் தேர்ந்தால் எந்த விசை மறைகிறது என்ற உணர்வும் அப்போதுதான் வரும். லாமியின் தேற்றத்தின் மீதும் எனக்குப் பகையில்லை. மூன்று விசைகள் ஒரு முக்கோணமாக மூடுகின்றன என்பதைத்தான் அது வேறு சொற்களில் சொல்கிறது என்று தெரிந்து பயன்படுத்தினால் கெடுதல் ஒன்றும் இல்லை.

யாரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். நிலையியல் எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்வதும் நிலையியலைக் கற்பதன் பகுதி. 400 நியூட்டன் எடையுள்ள சதுர மேசை, நான்கு மூலைகளில் நான்கு கால்கள், எடை சரியாக நடுவில். ஒவ்வொரு காலிலும் எவ்வளவு? வகுப்பில் கேட்டால் எல்லோரும் 100 என்பார்கள். ஆனால் ஒரு கால் மயிரிழை குட்டையாக இருந்தால் அது தரையைத் தொடாது, அதன் சுமை சுழி. அப்போது எதிர் மூலையில் உள்ள காலும் சுமை தாங்க முடியாது. தாங்கினால் மற்ற இரு கால்களை இணைக்கும் மூலைவிட்டத்தைப் பொறுத்து மேசை சாய்ந்துவிடும். எனவே மிஞ்சிய இரண்டு கால்களும் ஆளுக்கு 200. எதிரெதிர்க் கால்கள் இரண்டுக்கு 130, மற்ற இரண்டுக்கு 70 என்று எழுதினாலும் சமநிலைச் சமன்பாடுகள் மறுப்புச் சொல்லா. செங்குத்து விசைக்கு ஒன்றும் திருப்புத்திறனுக்கு இரண்டுமாக நம்மிடம் உள்ளவை மூன்று சமன்பாடுகள், தெரியாதவையோ நான்கு. முக்காலிக்கு நிலையியல் போதும். நாற்காலிக்குப் போதாது. நான்காவது சமன்பாடு, கால்களும் தரையும் எவ்வளவு அமுங்குகின்றன என்பதிலிருந்து வர வேண்டும். பொருள்களின் வலிமையியல் பிறக்கும் இடம் அதுவே. இதை அறியாதவர்கள் தீராத கணக்கின் முன் உட்கார்ந்து தம் இயற்கணிதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மேசைக் கணக்கை நேற்றிரவு முழுவதும் நம்பாமல் எழுதி எழுதிப் பார்த்தேன்; இப்போது நம்புகிறேன்.

ஏணிக் கணக்கை நானே சிறிது நீட்டிப் பார்த்தேன். 600 நியூட்டன் எடையுள்ள ஒருவர் அதே ஏணியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொண்டேன். தரையின் செங்குத்து விசை 800, எனவே தரை தரக்கூடிய அதிகபட்ச உராய்வு 400. வழுக்கும் தறுவாயில் சுவரின் விசையும் 400. ஏறுபவர் அடியிலிருந்து கிடைமட்டமாக x தொலைவில் இருந்தால், 400 × 4 = 200 × 1.5 + 600x. அதிலிருந்து x ஏறத்தாழ 2.17 மீட்டர், ஏணியின் வழியே அளந்தால் சுமார் 3.6 மீட்டர். அதற்கு மேல் ஒரு படி ஏறினாலும் ஏணி வழுக்கிவிடும். இம்முறை உராய்வை அதன் வரம்புக்குச் சமமாக எழுதியது சரிதானே? மேலும் ஓர் ஐயம்: ஒரு விசையின் திசையைத் தவறாக ஊகித்து வரைந்துவிட்டால், இடையில் படத்தைத் திருத்த வேண்டுமா?

மறுமொழி 1 எழுதியவர்

விடை சரி, வரம்பை எழுதியதும் சரி. ஏனென்றால் வழுக்கும் தறுவாய் எது என்பதைத்தான் நீங்கள் தேடினீர்கள். மறுமொழி 3 சொன்னதையும் ஏற்கிறேன். எண்கள் இல்லாமல் இந்த 3.6 மீட்டர் உங்களுக்குக் கிடைத்திருக்காது.

திசையைப் பற்றி: இடையில் படத்தைத் திருத்தாதீர்கள். ஊகித்த திசையிலேயே கடைசிவரை செல்லுங்கள். விடை எதிர்க்குறியோடு வந்தால் விசை எதிர்த்திசையில் இருக்கிறது என்று பொருள், அளவு சரியாகவே இருக்கும். பாதி வழியில் அம்பைத் திருப்பிவிட்டுச் சமன்பாடுகளில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றொன்றை மறப்பதுதான் வழக்கமான விபத்து. ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலக்கு உண்டு, அது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. உராய்வை வரம்புக்குச் சமமாக எழுதும்போது அதன் அளவை நீங்களே நிர்ணயித்துவிடுகிறீர்கள். திசையைத் தவறாக வைத்தால் எந்த எதிர்க்குறியும் வந்து உங்களை எச்சரிக்காது, முற்றிலும் வேறான ஒரு விடைதான் வரும். ஏணியின் அடி எந்தப் பக்கம் வழுக்கப் பார்க்கிறது என்பதை முதலில் மனக்கண்ணால் பார்த்துவிட்டு, அதற்கு எதிராக அம்பை வரையுங்கள்.